சாது மிரண்டால்

வாடகை தராத குடித்தனக்காரர்தான், ஆனால் தொந்தரவு இல்லாதவர். கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட், ஆரோக்கியமானவர்கள் பலரின் வாயிலும் குடலிலும் சத்தமின்றி வசிக்கிறது.

காவல் தளர்ந்தால்தான் சிக்கல். ஆன்டிபயாட்டிக்குகள் நல்ல பாக்டீரியாக்களை ஒழிக்கும்போது, சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதபோது, எய்ட்ஸோ ஸ்டீராய்டோ எதிர்ப்பு சக்தியைக் குலைக்கும்போது அது உருமாறுகிறது. உருண்டையான செல் இழையாக நீண்டு திசுவைத் துளைக்கிறது. இழை சுரக்கும் கேண்டிடாலைசின் என்ற நச்சு, செல்களின் சவ்வைச் சிதைப்பது 2016-ல் தெரியவந்தது.

வாயில் வெண்படலம், பெண்களுக்கு அரிப்பு, வெள்ளைப்படுதல் - இவை பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில், ரத்தக் குழாயில் செருகிய கதீட்டர் வழியாகவோ குடலிலிருந்தோ ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், மிக அபாயகரமான நான்கில் இதுவும் ஒன்று.

எதிர்க்கும் மருந்து வகைகளோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குபவர்கள் யோசிக்க வேண்டும்: அது கொல்வது ஈஸ்டை அல்ல, ஈஸ்டை அடக்கி வைத்திருக்கும் காவலர்களை.