எதிரே ரயில் வந்தால் இறக்கி வை!

குழந்தைகளே! ஒரே ஒரு இருப்புப்பாதை. இந்தப் பக்கமிருந்து ஒரு ரயில் வருகிறது. அந்தப் பக்கமிருந்து இன்னொரு ரயில் வருகிறது. என்ன ஆகும்?

“டமால்!” என்பீர்கள்.

கம்போடியா நாட்டில் பட்டம்பாங் என்றொரு நகரம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். “ஒரு ரயிலைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, மற்றதற்கு வழிவிட்டால் போயிற்று!” என்பார்கள்.

ரயிலைக் கழற்றுவதா? ஆம், அது மூங்கில் ரயில்!

கோல் தொலைந்த ஊர்

பட்டம்பாங் கம்போடியாவின் வடமேற்கில், சங்கே ஆற்றங்கரையில் இருக்கிறது. சுற்றிலும் நெல்வயல்கள். ‘பட்டம்பாங்’ என்றால் ‘தொலைந்த கோல்’ என்று பொருள். மந்திரக் கோல் ஒன்றை வைத்திருந்த ஒருவன் அதை வீசி எறிந்து தொலைத்தான் என்பது அந்த ஊர்க் கதை. கோலும் கையுமாக அவனுக்கு அங்கே பெரிய சிலையே வைத்திருக்கிறார்கள்.

முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் வெளிநாட்டுப் பயணிகள், அங்கே இறங்கியதும் மூங்கில் ரயிலைத்தான் விசாரிப்பார்கள்.

எப்படி இருக்கும்?

பெரிய கட்டில் அளவுக்கு ஒரு மரச்சட்டம். அதன்மேல் நெருக்கமாக மூங்கில் பிளாச்சுகள். அடியில் இரண்டு இரும்பு அச்சுகள். அவற்றின் முனைகளில் சக்கரங்கள். பின்பக்கம் சிறிய மோட்டார். மோட்டாருக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு பெல்ட். அவ்வளவுதான்! கூரை இல்லை, சன்னல் இல்லை, இருக்கையும் இல்லை. சம்மணம் போட்டு உட்கார வேண்டியதுதான். ஆனாலும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில்கூடப் பறக்கும்! உள்ளூர்க்காரர்கள் இதை ‘நோரி’ என்கிறார்கள்.

ஏன் செய்தார்கள்?

விளையாட்டுக்காக அல்ல, குழந்தைகளே. தலைநகர் புனோம் பென்னிலிருந்து பட்டம்பாங்குக்கு இருப்புப்பாதை போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அந்தக் காலத்தில் கம்போடியா அவர்கள் ஆட்சியில் இருந்தது. 1930களில் அங்கே ரயில் ஓடத் தொடங்கியது.

பிறகு நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கொடுங்கோல் ஆட்சி நடந்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் மாண்டார்கள். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. சாலைகள் பாழாயின. ரயில்களும் ஒழுங்காக ஓடவில்லை.

மிஞ்சியது தண்டவாளம். விளைந்த நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். நோயாளியை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். வண்டிக்கு எங்கே போவது?

காட்டில் மூங்கில் இருந்தது. கழித்துப்போட்ட இரும்பு கிடைத்தது. ஊர் மக்களே வண்டி செய்துவிட்டார்கள்! முதலில் மோட்டார்கூடக் கிடையாது. படகு தள்ளுவதைப்போல, கோலைத் தரையில் ஊன்றி ஊன்றித் தள்ளினார்கள். கோலைத் தொலைத்த ஊருக்குக் கோலே கைகொடுத்தது! பிறகுதான் சிறிய மோட்டார் வந்தது. நெல் மூட்டை, பன்றி, கோழி, மோட்டார் சைக்கிள் எல்லாம் நோரியில் ஏறின.

யார் வழிவிடுவது?

இப்போது நம் புதிருக்கு வருவோம். எதிரெதிரே இரண்டு நோரிகள் வந்தால், பாரம் குறைவாக உள்ள வண்டிதான் இறங்க வேண்டும். இதுதான் சட்டம். பணக்காரர், ஏழை என்ற பேச்சே கிடையாது.

ஆட்கள் இறங்குவார்கள். மோட்டாரைத் தூக்கி வைப்பார்கள். மூங்கில் தட்டைத் தூக்கி ஓரமாகச் சாய்ப்பார்கள். அச்சுகளை உருட்டி எடுப்பார்கள். சில நிமிடங்களில் பாதை காலி! பாரவண்டி கடந்ததும் மறுபடி பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். இதில் அழகு என்ன தெரியுமா? வழி பெற்ற வண்டிக்காரரும் இறங்கி வந்து கைகொடுப்பார்.

இன்று?

பழைய பாதையைச் செப்பனிட்டுப் பெரிய ரயிலை மறுபடி ஓட்ட அரசு முடிவு செய்தது. அதனால் 2017இல் நோரி ஓட்டம் அங்கே நிறுத்தப்பட்டது. 2018இல் புனோம் பென்னிலிருந்து பட்டம்பாங் வழியாகத் தாய்லாந்து எல்லைவரை ரயில் வந்தது. ஊர் மக்களுக்கு நல்ல செய்தி. நோரி ஓட்டிகளுக்குக் கவலை. அதே ஆண்டில் பானன் மலைக்கோவில் அருகே, பயணிகளுக்கென்றே தனித் தண்டவாளம் போட்டு மூங்கில் ரயில் விட்டார்கள். அதில் நெல் மூட்டை ஏறுவதில்லை, கேமராக்கள்தான் ஏறுகின்றன!

பள்ளி மணி அடித்ததும் வாசலில் எல்லோரும் முண்டியடிக்கிறோமே, அப்போது நோரிச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பையோடு நிற்கும் ஒன்றாம் வகுப்புக் குட்டிக்கு முதலில் வழிவிடுங்கள். வழிவிட்டவர் தோற்றவர் அல்ல. நாளைக்கே உங்கள் வண்டியிலும் பாரம் இருக்கலாம்!

பக்கத்திலேயே பார்க்கலாம்!

* பானன் மலைக்கோவில்: 11ஆம் நூற்றாண்டுக் கற்கோவில். 350 படிகளுக்கு மேல் ஏற வேண்டும்.

* சம்பாவ் மலை: மாலையில் குகையிலிருந்து லட்சக்கணக்கான வௌவால்கள் கறுப்பு நாடாபோல வானில் பறக்கும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்பதால் இவை உழவர்களின் நண்பர்கள்!