நவம்பர் 11இல் யாருடைய திருநாள்?

இடைக்கால ஐரோப்பாவின் துறவு மடங்களில், காலைச் செபத்தின்போது ஒரு நூலைத் திறந்து, மறுநாள் யார் யாருடைய திருநாள் என்று உரக்கப் படிப்பார்கள். பெயர், ஊர், உயிர் நீத்த விதம் எல்லாம் நாள்வாரியாக அதில் இருக்கும். பாரிஸ் நகரின் சேன் ஜெர்மேன் மடத்துத் துறவி உசுவார்து 9ஆம் நூற்றாண்டில் தொகுத்த பட்டியலைத்தான் பல மடங்கள் படியெடுத்துக்கொண்டன. புனிதருக்கு உரியது பிறந்த நாள் அல்ல, இறந்த நாள். விண்ணகத்தில் பிறந்த நாள் என்று அதைக் கொண்டாடினார்கள்.

நவம்பர் 11க்கு உரியவர் பிரான்சின் தூர் நகர ஆயர் மார்ட்டின். அவர் இறந்ததோ 397 நவம்பர் 8இல், காந்த் என்ற சிற்றூரில். உடல் யாருக்கு என்று புவாத்தியே ஊராரும் தூர் ஊராரும் மோதிக்கொண்டார்களாம். எதிரணி கண்ணயர்ந்த இரவில், தூர்க்காரர்கள் உடலைச் சன்னல் வழியே இறக்கி, லுவார் ஆற்றில் படகேற்றிக் கொண்டுபோனதாக வரலாற்றாசிரியரான தூரின் கிரெகரி எழுதுகிறார். அடக்கம் நடந்த 11ஆம் தேதியே திருநாளாக நிலைத்தது.

படைவீரராக இருந்தபோது அமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் மேலாடையை வாளால் பாதியாக அறுத்துக் கொடுத்தவர் அவர். அந்த ஆடை என்று போற்றப்பட்ட துணியை பிராங்கிய மன்னர்கள் பாதுகாத்தார்கள். ஆடைக்கு இலத்தீனில் 'கப்பா'. அது இருந்த இடம் 'கப்பெல்லா'. இன்று நாம் சொல்லும் 'சேப்பல்' அதிலிருந்து வந்தது.

அதே தேதியில் எகிப்தின் மறைசாட்சி மேனாசும் இருக்கிறார். அலெக்சாந்திரியாவுக்கு அருகே அபு மேனாவிலுள்ள அவர் கல்லறைக்கு வந்தவர்கள் சிறு மண்குப்பிகளை வாங்கிப்போனார்கள். இரு ஒட்டகங்களுக்கு நடுவே கைவிரித்து நிற்கும் மேனாசின் உருவம் அவற்றில் பதிந்திருக்கும். அந்தக் குப்பிகள் இங்கிலாந்து வரை கிடைத்திருக்கின்றன. எந்தப் பட்டியலையும்விட அவருடைய புகழுக்கு அவையே நல்ல சான்று. கிரேக்கத் திருச்சபை, 826இல் இதே நாளில் இறந்த துறவி தியோடோரையும் நினைவுகூர்கிறது.

அக்கால ஐரோப்பிய உழவர்களுக்கு இந்த நாள் ஆண்டுக் கணக்கு முடியும் நாள். குத்தகை கட்ட வேண்டும். குளிர்காலத்துக்குத் தீவனம் போதாத கால்நடைகளை வெட்டி உப்பிட வேண்டும். வாத்துக்கறியும் புதுத் திராட்சை மதுவுமாக விருந்து நடக்கும். பிறகு கிறிஸ்துமஸ் வரை நோன்பு.

பிள்ளைகளுக்கு அன்றைய புனிதரின் பெயரை வைப்பதும் உண்டு. 1483 நவம்பர் 10இல் ஜெர்மனியின் ஐஸ்லேபனில் பிறந்து, மறுநாள் திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கும் அப்படித்தான் பெயர் வைத்தார்கள்: மார்ட்டின் லூதர்.