வெள்ளை மதிலுக்குள் இரு முற்றங்கள்

தென் ஸ்பெயினின் அந்தலூசியா மாநிலத்தில், செவில் நகரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆலிவ் தோப்புகளும் கோதுமை வயல்களும்தான். நடுநடுவே, சுண்ணாம்பு பளீரிடும் மதில்களோடு கோட்டை மாதிரி தனித்து நிற்கின்றன பழைய பண்ணை வீடுகள். அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் 'கோர்த்திஹோ'. அடைப்பு, முற்றம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பொருத்தமான பெயர். வெளிப்புறம் ஜன்னல்கள் குறைவு. வீட்டின் முகமெல்லாம் உள்முற்றத்தை நோக்கித்தான்.

காரணம், வெயில். கோடையில் 40 டிகிரியை அநாயாசமாகத் தாண்டும் பூமி இது. இரவின் குளிர்ந்த காற்று கனமானது. முற்றத்தில் இறங்கி, தடித்த சுவர்களின் நிழலில் பகலிலும் வெகுநேரம் தங்கிவிடும். கிணறும் எலுமிச்சை மரமும் ஜெரேனியத் தொட்டிகளும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ரோமானியர்கள் காலத்திலிருந்தே தெரிந்த வித்தை. பிறகு வந்த அராபியர்கள் அதற்கு மெருகேற்றினார்கள்.

ஆனால் பெரிய ஆலிவ் பண்ணைகளில் பெரும்பாலும் முற்றம் ஒன்றல்ல, இரண்டு. பூச்செடிகள் நிறைந்தது எஜமானருடையது. மற்றது வேலை முற்றம். லாயம், களஞ்சியம், ஆலிவ் பிழியும் ஆலை எல்லாம் அதைச் சுற்றித்தான். ஆலையில் ராட்சத மர உத்தரம் ஒன்று கிடக்கும். பிழியும்போது அதன் ஒரு முனை மேலெழும்பாதபடி அழுத்திப் பிடிப்பதற்காகவே கனத்த கோபுரம் கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர் தேவாலயம் என்றுதான் நினைப்பார்.

கூலியாட்கள் படுக்கும் கூடமும் அங்கேதான். வைக்கோல்தான் படுக்கை. ரொட்டி, பூண்டு, எண்ணெய், வினிகர், தண்ணீர் கலந்த கஸ்பாச்சோ ஒரே பாத்திரத்தில் வரும். ஒரு கரண்டி எடுத்துவிட்டு ஒரு அடி பின்வாங்க வேண்டும். அடுத்தவனுக்கு வழிவிட வேண்டுமே! இன்று நட்சத்திர ஓட்டல்களில் கண்ணாடிக் கிண்ணத்தில் பரிமாறப்படும் அதே கஸ்பாச்சோதான்.

எஜமானர்களில் பலர் நகரத்துவாசிகள். நிலம் சொற்ப குடும்பங்களின் கையில். அறுவடை முடிந்தால் கூலியாட்களுக்கு வேலை கிடையாது. 1932ல் குடியரசு அரசாங்கம் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அது வேரூன்றுவதற்குள் 1936ல் உள்நாட்டுப் போர். வென்ற ஃபிராங்கோவின் ஆட்சி நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தது. 1960களில் டிராக்டர் வந்தது. கூலியாட்கள் பார்சிலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கப் போனார்கள். வேலை முற்றங்கள் வெறிச்சோடின.

மரினலேடா கிராமத்தார் மட்டும் வேறு முடிவெடுத்தார்கள். பிரபு ஒருவருக்குச் சொந்தமான 'எல் உமோஸோ' பண்ணைக்குள் 1980களில் மீண்டும் மீண்டும் புகுந்தார்கள். போலீஸ் விரட்ட விரட்டத் திரும்பி வந்தார்கள். 1991ல் மாநில அரசு 1,200 ஹெக்டேரை வாங்கி கிராமத்திடம் ஒப்படைத்தது.

மற்ற பண்ணைகளில் பல இப்போது ஓட்டல்கள். விளம்பரப் படங்களில் இடம்பெறுவது பெரும்பாலும் பூச்செடி முற்றம்தான். ஒரு காலத்தில் கூலியாட்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்த கூடங்களில் கல்யாண விருந்து நடக்கிறது.