ஸ்டைல்ஷீட் மோதல்: எந்தக் கோப்பு கடைசியாக வருகிறது?

தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கென வேர்ட்பிரஸ்ஸில் ஓர் இணையதளம் நடத்துகிறோம். சேர்க்கை அறிவிப்பு, தேர்வு அட்டவணை ஆகியவற்றைப் பெற்றோர் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். ஆங்கில எழுத்துக்கு ஏற்ப வடிவமைத்த தீமில் வரி இடைவெளி குறைவாக இருந்ததால், 'கீ', 'கூ' போன்ற எழுத்துகளின் குறிகள் அடுத்த வரியோடு முட்டின. எனவே சைல்டு தீம் ஒன்றை உருவாக்கி, வரி இடைவெளியை 1.8 எனக் கூட்டினோம். பக்கத்தில் மாற்றமே தெரியவில்லை.

இதற்கான விளக்கம் சிஎஸ்எஸ் என்ற பெயரிலேயே உள்ளது. 1994இல் ஹோகன் வியூம் லீ முன்மொழிந்து, 1996இல் முதல் தரநிலையாக வெளிவந்த இம்முறையின் முதல் சொல்லான 'கேஸ்கேடிங்', அருவிபோல் படிப்படியாக இறங்குவதைக் குறிக்கும். ஒரே பகுதிக்கு இரு விதிகள் இருந்தால் வலுவானது வெல்லும். வலு சமமானால் கடைசியில் வருவது வெல்லும்.

மோதலைக் கண்டறிய, கணினியில் எஃப் 12 விசையை அழுத்தி இந்த வரிசையில் பாருங்கள்:

1. கோப்பு வந்ததா? நெட்வொர்க் பகுதியில் 404 என்றிருந்தால் முகவரி தவறு.

2. பழைய பிரதியா? கண்ட்ரோல், எஃப் 5 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். பெற்றோரின் கைப்பேசிக்கும் புதிய கோப்பு போய்ச் சேர, அதன் பதிப்பு எண்ணை மாற்றுங்கள்.

3. வரிசை சரியா? எங்கள் சிக்கல் இதுதான். சைல்டு தீமின் கோப்பு முதலிலும் மூல தீமின் கோப்பு பிறகும் ஏறின. ஃபங்ஷன்ஸ் கோப்பில், மூலக் கோப்பைச் சார்ந்தது எனக் குறிப்பிட்டு எங்கள் கோப்பைப் பதிவு செய்ததும் எழுத்துகள் தெளிவாயின.

4. வலு குறைவா? தோற்ற விதி கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும். குறிச்சொல்லைவிட கிளாஸும், கிளாஸைவிட ஐடியும் வலுவானவை.

'இம்பார்ட்டண்ட்' என்று சேர்த்துவிட்டால் உடனே வேலை முடியும். ஆனால் அதையே பத்து இடங்களில் எழுதினால், நாம் பணிமாறுதலில் சென்றபின் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் ஒரு வரியைக்கூட எளிதில் மாற்ற முடியாது. காரணத்தைக் கண்டு திருத்துவதே நிலைக்கும்.

பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் சிஎஸ்எஸ் உள்ளது. ஹைடெக் ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டலாம். தலைப்பைச் சிவப்பாக்கும் கோப்பு ஒன்று, நீலமாக்கும் கோப்பு ஒன்று என இரண்டையும் ஒரே பக்கத்தில் இணையுங்கள். எந்த நிறம் வரும் என்று மாணவர்களை முதலில் சொல்லச் செய்யுங்கள். பிறகு வரிசையை மாற்றுங்கள். அடுத்து, முன்னால் உள்ள கோப்பில் மட்டும் ஐடியைப் பயன்படுத்துங்கள். மூன்று முறையும் காரணம் சொல்ல முடிந்த மாணவருக்குப் பள்ளித் தளத்தின் சிறு திருத்தங்களை நம்பி ஒப்படைக்கலாம்.