பெயர் வெட்டிய டாலர்: சரக்கு வாங்கப் போகும் முன்

எவர்சில்வர் குடமோ தூக்குவாளியோ வாங்கினால் கடை வாசலிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெண்ணின் பெயர், அன்பளிப்புப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் என்று நம் வீட்டு அலமாரிகள் பெயர்களால் நிறைந்தவை. அந்த ஆசைதான் இன்று வெள்ளி டாலருக்கும் மோதிரத்துக்கும் குழந்தையின் கைச்செயினுக்கும் வந்திருக்கிறது. இதை வீட்டிலிருந்தே தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, சரக்கு எங்கே கிடைக்கும் என்பதுதான்.

கடைத்தெருவின் பெயரைச் சொல்லிவிடலாம். அதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எழுத்து உலோகத்தில் எப்படி விழப்போகிறது? உளி பிடித்துக் கையால் வெட்டுவதா, வைரமுனையால் கீறுவதா, லேசரா? தகட்டின் கனம், உலோகம், முலாம், வடிவம் எல்லாமே இதைப் பொறுத்துத்தான் அமையும். இதை முடிவு செய்யாமல் வாங்கிய தகடு பல வீடுகளில் டப்பாவிலேயே கறுத்துக் கிடக்கிறது.

கையால் வெட்டுவதென்றால் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் கனமுள்ள, உருளையில் இழுத்த தகடு வேண்டும். வார்ப்பில் எடுத்த டாலரைத் தவிர்ப்பது நல்லது. வார்ப்பினுள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குழிகள் இருக்கலாம். உளி ஓடும்போது குழியில் விழுந்து கோடு கோணும். ஹைஸ்பீடு ஸ்டீல் அல்லது கார்பைடு உளி, தகட்டைப் பிடித்துக்கொள்ள அரக்கு, முனை தீட்ட நல்ல கல், பழகுவதற்குப் பித்தளைத் தகடு. இவ்வளவு போதும், மற்றதெல்லாம் பயிற்சி.

வைரமுனை உலோகத்தை வெட்டி எடுப்பதில்லை. அழுத்திக் கீறிக்கொண்டே போகும். மெல்லிய தகட்டுக்கும் இது ஒத்துவரும், எழுத்து பளிச்சென்றும் இருக்கும். ஆனால் ஆழம் குறைவு. தினமும் உடம்போடு உரசும் மோதிரத்தில் சில வருடங்களில் மங்கிவிடும். டாலரின் பின்பக்கத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

லேசரில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மரத்தையும் அக்ரிலிக்கையும் அழகாகச் செதுக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர், வெறும் வெள்ளியில் எதையும் செய்யாது. மேசைமேல் வைக்கும் சின்ன நீல டையோடு லேசரும் பளபளப்பான வெள்ளியில் பயன்படாது. வெள்ளி அந்த ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். நகைக்கு ஏற்றது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஃபைபர் லேசர். 20 வாட் மெஷின் வெள்ளியில் எழுத்தைப் பதிக்கும். விரல் தடவினால் தெரியும் ஆழம் வேண்டுமென்றால் அதில் பல முறை ஓட்ட வேண்டும். 30 வாட், 50 வாட் மெஷின்கள் வேகமாக முடிக்கும். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஆபத்து அதிகம். 1064 நானோமீட்டருக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி காப்பாற்றாது. புகையை வெளியே இழுக்கும் விசிறியும் அவசியம். என் அழுத்தமான கருத்து: தொடக்கத்தில் மெஷின் வாங்காதீர்கள். நகைத் தெருக்களில் லேசர் மார்க்கிங்கை ஜாப் ஒர்க்காகச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, எந்த வடிவம் விற்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

இனி வெள்ளி. கடையில் 'டச் எவ்வளவு?' என்று கேளுங்கள். 92.5 டச் என்றால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிருதுவானது, எளிதில் வளையும். பெயர் வெட்டும் நகைக்கு 92.5தான் சரி. டச் பார்க்கும் மெஷின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மேலே வெள்ளி முலாம் இருந்தால் நல்ல எண்ணைக் காட்டிவிடும். ஓரத்தை அரத்தால் சற்று ராவிவிட்டு அந்த இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். 'ஜெர்மன் சில்வர்' என்ற பெயரில் விற்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. நிக்கல் பலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும். பூஜைத் தட்டுக்குப் பரவாயில்லை, கழுத்தில் தொங்கும் டாலருக்கு வேண்டாம்.

கனத்தைக் கேஜில் கேட்காமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். 20 கேஜ் என்றால் பிரிட்டிஷ் அளவில் 0.91 மி.மீ., அமெரிக்க அளவில் 0.81 மி.மீ. அமெரிக்கர் வீடியோ பார்த்துவிட்டு இங்கே 20 கேஜ் கேட்டால் ஒவ்வொரு டாலரிலும் எடை எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். வெள்ளி கிராம் கணக்கில் விற்பது, அதனால் இது சின்ன விஷயமில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 20 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. கனமும் உள்ள வட்ட டாலர் ஏறக்குறைய 3.25 கிராம் இருக்கும். 35 மி.மீ. நீளம், 6 மி.மீ. அகலம், அதே கனம் உள்ள நீள்பட்டை 2.2 கிராம்தான். ஓரம் விட்டுப் பார்த்தால் வட்டத்தில் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 15 மி.மீ. நீளம், பட்டையில் 30 மி.மீ. 'கார்த்திகேயன்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். துணைக்காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணினால் ஒன்பது உருவங்கள். வட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் 1.7 மி.மீ.கூட கிடைக்காது, பட்டையில் 3.3 மி.மீ. கிடைக்கும். குறைந்த வெள்ளியில் இரண்டு மடங்கு பெரிய எழுத்து! இணையத்தில் காணும் வெளிநாட்டு வடிவங்கள் பெரும்பாலும் வட்டம், ஏனென்றால் அங்கே ஒற்றை ரோமன் எழுத்தோ குட்டிப் பெயரோதான் வெட்டுகிறார்கள். தமிழ்ப் பெயருக்குப் பட்டை வாங்குங்கள். வட்டம், இதயமெல்லாம் 'மகி', 'தேவி' மாதிரியான சின்னப் பெயர்களுக்கு.

அளவு சிறுத்தால் முதலில் பலியாவது புள்ளி. 'ர்', 'த்' மேலே இருக்கும் புள்ளி அழிந்தால் பெயரே மாறிவிடும். 'ஞ', 'ணை' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகும். ஆகவே எழுத்துருவையும் சரக்காகவே நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோட்டின் கனம் சீராகவும் சுழி அகலமாகவும் உள்ளவை நல்லவை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன், ஏக் டைப்பின் முக்தா மலர், இந்தியன் டைப் ஃபவுண்டரியின் ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம், திறந்த உரிமத்தில் வருபவை. விற்கும் பொருளிலும் பயன்படுத்தலாம். எங்கிருந்தோ இறக்கிய, யாருடையதென்று தெரியாத அலங்கார எழுத்துருவைத் தொழிலில் பயன்படுத்துவது சரியல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. லேசர் மெஷினோடு வரும் பழைய மென்பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ் யூனிகோடு புரியாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' உடைந்து சிதறும். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, அந்தக் கோப்பைக் கொடுங்கள். அதன்பிறகு மெஷினுக்கு அது தமிழா என்பதே தெரிய வேண்டியதில்லை, கோட்டின் வழியே ஓடும். ஜாப் ஒர்க் கடைக்குப் பெயரை வாட்ஸப்பில் வெறும் எழுத்தாக அனுப்பாமல் இந்தக் கோப்பாகவே அனுப்பினால் பாதிப் பிழைகள் பிறக்கவே பிறக்காது.

தங்க நிறம் கேட்பவர்கள் நிச்சயம் வருவார்கள். முலாம் பூசிய டாலரை வாங்கி அதன்மேல் பெயர் வெட்டினால் அடியில் இருக்கும் பித்தளையோ செம்போ எட்டிப் பார்க்கும். முலாமின் கனம் மைக்ரான் கணக்கில், எழுத்தின் ஆழம் அதைவிடப் பல மடங்கு. ஆகவே முலாம் பூசாத டாலரை வாங்கி, வளையம் பற்றவைத்து, பாலிஷ் போட்டு, பெயர் வெட்டி, கடைசியில் முலாமுக்கு அனுப்ப வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. வெட்டிய பிறகு பலமாகப் பாலிஷ் போட்டால் எழுத்தின் ஓரங்கள் மழுங்கும், வெட்டிய பிறகு நெருப்புக் காட்டினால் தகடு கறுக்கும். எழுத்து மட்டும் கறுப்பாகத் தெரிய வேண்டுமென்றால், கந்தகக் கரைசலில் வெள்ளியைக் கறுக்க வைத்து மேற்பரப்பை மெல்லத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். 'ஒன் கிராம் கோல்டு' என்று விற்பதும் முலாம்தான். வாங்குபவரிடம் அதை முலாம் என்றே சொல்லுங்கள்.

கடைகளுக்கு வருவோம். சென்னையில் சௌகார்பேட்டை, மின்ட் தெரு, என்.எஸ்.சி. போஸ் சாலைப் பகுதியில் தகடு, கம்பி, செயின், வளையம், பட்டறைச் சாமான் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். கோவையில் பெரிய கடை வீதி, வைசியாள் வீதி. மதுரையில் தெற்காவணி மூல வீதி. சேலம் செவ்வாய்பேட்டை கொலுசுக்குப் பெயர்போன ஊர். வெள்ளிக் கம்பியும் செயினும் பற்றவைப்பு வேலையும் அறிந்த கைகள் அங்கே நிறைய. கவரிங் நகைக்குச் சிதம்பரம். வட்டமோ பட்டையோ வெட்டித் தயாராக வேண்டுமென்றால் மும்பை ஜவேரி பஜார், ஜெய்ப்பூர் வியாபாரிகள் தபாலில் அனுப்புகிறார்கள். வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும் அலிஎக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரிலிருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

தகடு வாங்கி நீங்களே வட்டம் வெட்டலாமா? சதுரம் சதுரமாகப் பிரித்து வட்டம் வெட்டினால் தகட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் துண்டாகப் போகும். அந்தத் துண்டைக் கடைக்காரர் பழைய வெள்ளி விலைக்குத்தான் எடுப்பார். பட்டைக்கு இந்தச் சேதாரம் மிகக் குறைவு. தகடாகவே வாங்கி வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய டாலராக வாங்கும்போது வெள்ளி விலை தனி, கூலி தனி என்று பில்லில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். வெள்ளி விலை தினமும் மாறும். உங்கள் வாடிக்கையாளருக்கு நீங்கள் சொல்லும் விலைக்கும் 'இத்தனை நாள்வரை' என்று ஒரு கெடு வையுங்கள்.

வளையமும் கொக்கியும் சின்னச் சாமான்கள், ஆனால் நகை தொலைவது அங்கேதான். டாலரின் வளையம் பற்றவைத்ததாக இருக்கட்டும். வாய் திறந்த வளையம் துணியில் மாட்டி விரியும். பற்றாசு வாங்கும்போது காட்மியம் இல்லாததாகக் கேளுங்கள். காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், காட்மியப் பற்றாசால் பற்றவைத்த கே.டி.எம். நகை வழக்கொழிந்ததற்கு அதுவே காரணம்.

தங்கத்தில் வேலை செய்ய நினைத்தால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிகளுக்கு விலக்கு உண்டு. வாடிக்கையாளர் தன் மோதிரத்தைக் கொண்டுவந்து உட்பக்கம் பெயர் கேட்டால், அந்த ஆறு குறி எங்கே இருக்கிறது என்று லென்ஸில் பார்த்துவிட்டு, அதைத் தொடாமல் இடம் ஒதுக்குங்கள். பெயர் வெட்ட வசதியான அதே இடத்தில்தான் அதுவும் இருக்கும். வெள்ளிக்கு ஹால்மார்க் விருப்பத்தைப் பொறுத்தது.

முடித்த வெள்ளியை ரப்பர் பேண்டு போட்டு வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுக்க வைக்கும். காற்றுப் புகாத ஜிப் கவரில், கறுப்பைத் தடுக்கும் காகிதத் துண்டோடு தனித்தனியாக வையுங்கள். முதல் கொள்முதலுக்கு ஒரே கனத்தில் பத்துப் பட்டை, நாலைந்து வட்டம், அவற்றுக்கு வேண்டிய வளையமும் செயினும், கூடவே பித்தளையில் அதே அளவில் சில துண்டுகள் போதும். ஒவ்வொரு பெயரையும் முதலில் பித்தளையில் ஓட்டிப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பி, 'எழுத்து சரி' என்று எழுத்தில் பதில் வந்த பிறகு வெள்ளியை எடுங்கள்.