மார்கழியில் வரும் விருந்தாளிகள்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பார்கள் பெரியோர். ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் எலிகளுக்கு அந்தத் தனி வளை மறந்துபோய், நம் வீடே வளையாகிவிடுகிறது. எங்கள் கம்மாபுரத்தில் இது ஆண்டுதோறும் நடப்பது. விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று எண்ணினேன். பாடப் புத்தகத்தில் ‘கொறிப்பன’ என்ற வரிசையில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் இப்பிராணி, சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு மூட்டை விதை நெல்லையும் ஒரு பூனையையும் கொண்டுபோயிற்று. மூன்றாவதாகக் கொண்டுபோக இருந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

மேலை நாடுகளில் பனிக்காலம் வந்ததும் சுண்டெலிகள் குளிர் தாங்காமல் வீட்டுக்குள் புகுகின்றன. நம் ஊர் மார்கழிப் பனி அத்தனை கொடியதன்று. இங்கே எலியைத் துரத்துவது குளிரல்ல, தண்ணீரும் அரிவாளுமே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் வரப்பு வளைகளில் நீர் புகுந்துவிடும். முதல் படையெடுப்பு அப்போது. பிறகு தை மாதத்தில் சம்பா அறுவடை. மறைவிடமும் உணவும் ஒருங்கே பறிபோக, இரண்டாம் படையெடுப்பு. இன்று அரிவாளின் இடத்தில் அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. மூன்று நாள் அறுப்பு அரை நாளில் முடிவதால், மூன்று நாளில் வரவேண்டிய எலிகள் ஒரே இரவில் வந்துவிடுகின்றன என்பது என் தந்தையாரின் கணக்கு. அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். ஆயினும் இக்கணக்கில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எலி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வருபவை பல வகை. வரப்பைக் குடைந்து வளைக்குள் கிலோக் கணக்கில் நெற்கதிரைச் சேமிப்பது வயல் எலி. கூரையிலும் பரணிலும் ஓடுவது வீட்டு எலி. பெட்டிக்குள்ளும் புத்தக அடுக்கிலும் குடித்தனம் நடத்துவது சுண்டெலி. சாக்கடை ஓரத்தில் சுவரின் அடியைத் தோண்டுவது பெருச்சாளி. பிள்ளையாரின் வாகனம் என்பதால் பெருச்சாளியை அடிக்க எங்கள் ஆயா இன்றும் சம்மதிப்பதில்லை. சுண்டெலியின் சினைக்காலம் ஏறத்தாழ 20 நாட்களே. கார்த்திகையில் ஒரு சோடியை அலட்சியம் செய்தால் பொங்கலுக்குள் ஒரு குடும்பமே உருவாகிவிடும்.

எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அது பசிக்காக மட்டும் கொறிப்பதில்லை. பல்லைத் தேய்ப்பதற்காகவும் கொறிக்கிறது. பொருள்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் எலிப்பல்லின் எனாமல் சுமார் 5.5 என்பர். மரம், பிளாஸ்டிக், சுண்ணாம்புப் பூச்சு, ஈயம் எல்லாம் அதற்குக் கீழே. நன்கு சுட்ட பீங்கானோ ஏறத்தாழ 7. விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி வேறு உண்டோ? இதற்கும் பிறகு வருகிறேன்.

இனி அந்தச் சம்பவம். சென்ற மார்கழியில் விதை நெல் மூட்டையின் அடியில் ஓட்டை விழுந்திருந்ததைக் கண்டு ஆத்திரமடைந்து, பெட்டிக் கடையில் குழாயில் அடைத்த எலிப் பசையை வாங்கி வந்தவன் நான். மசால் வடையில் தடவிப் பத்தாயத்தின் அடியில் வைத்தவனும் நானே. இரவில் எலி அதை நடுக்கூடம் வரை இழுத்து வந்திருக்கிறது. விடியற்காலையில், ஊரிலிருந்து வந்திருந்த என் அக்காளின் மூன்று வயதுப் பெண், பாதி வடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோலம் போட எழுந்த ஆயா பார்த்துவிட்டுத் தட்டிவிட்டாள். குழந்தையின் வாயைத் துடைத்து, முகர்ந்து பார்த்து, உடனே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அவள் தின்னவில்லை என்று உறுதியாவதற்குள் மூன்று நாட்கள் கடந்தன. பூனை மீதி வடையைத் தின்றதோ, அதைத் தின்ற எலியைத் தின்றதோ, அன்று மாலையே இறந்துகிடந்தது.

மூன்று நாட்கள் ஏன் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அப்பசைகளில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் உட்கொண்டவருக்கு முதல் நாள் வாந்தி இருக்கலாம். பிறகு ஓரிரு நாட்கள் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மாற்று மருந்து கிடையாது. கறுப்புப் பொடியாக விற்கும் துத்தநாக பாஸ்பைடு, வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியிடும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நச்சால் இரு குழந்தைகள் இறந்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோமடயலோன் கட்டிகள் இவற்றினும் மெதுவானவை. அவற்றுக்கு வைட்டமின் கே மாற்றாகக் கிடைக்கிறது. ஆனால் குழந்தை உள்ள வீட்டில் எதுவும் வேண்டாம் என்பதே என் கட்சி.

மேலும், மருந்தால் எலி குறைவதுமில்லை. புதிய பொருளைக் கண்டால் எலி அஞ்சி விலகும். சிறிது நக்கிப் பார்த்து நோயுற்றுப் பிழைத்த எலி மறுபடி அதைத் தொடாது. பொறிக்கும் இது பொருந்தும். பொறியை வைத்த அன்றே கொக்கியை மாட்டுவது நாம் செய்யும் தவறு. இரண்டு மூன்று நாட்கள் கொக்கி மாட்டாமல் கருவாடோ சுட்ட தேங்காயோ வைத்துத் தின்னப் பழக்கிவிட்டு, அதன்பின் மாட்ட வேண்டும். எலி நடுக்கூடத்தில் ஓடாது; சுவரை உரசிக்கொண்டே ஓடும். ஆகவே பொறியின் வாயும் சுவரோரம் இருத்தல் நலம்.

எலியை வெளியே நிறுத்த வேண்டியது நெல்லுக்காக மட்டுமன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண்ணோடு சேற்றில் நடப்போர்க்கு ஆபத்து மிகுதி. எலி வரும் வழியில் நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் வரும். கட்டுவிரியன் பெரும்பாலும் மற்றப் பாம்புகளைத் தின்பது, எலியையும் விடாது. இரவில் தரையில் படுத்திருப்போரை அது கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடியலில் வயிற்று வலியும், இமை திறக்க முடியாமையும்தான் அறிகுறி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தமிழக அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. மார்கழியில் பாயைவிடக் கயிற்றுக் கட்டில் நல்லது என்று நான் சொன்னபோது ஆயா சிரித்தாள். கட்டுவிரியன் கதையைச் சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

அடைப்பதே முதல் வேலை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பென்சில் நுழைந்தால் சுண்டெலி நுழையும் என்று நினைவில் கொள்க. கதவின் அடி, கழிவுநீர்க் குழாய் வாய், கூரை சுவரோடு சேரும் இடம் ஆகிய மூன்றையும் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். துணி, காகிதம், மரச்சக்கை எல்லாம் ஓரிரவு தாங்கா. இங்கேதான் நம் ஊர்ப் பீங்கான் வருகிறது. விருத்தாசலத்துச் சூளைகளில் ஃபியூஸ் கட்டை, அகல், பொம்மை செய்வோரிடம் உடைந்ததும் கோணியதும் குவிந்து கிடக்கும். அதில் ஒரு சாக்கு வாங்கி வந்து, சுத்தியால் நொறுக்கி, சிமெண்டில் பிசைந்து வளை வாய்களில் திணித்தோம். (நொறுக்கும்போது கண்ணை மறைத்துக்கொள்ளவும், என் நெற்றியில் ஒரு தழும்பு உண்டு.) தென்னைக்குத் தகரப் பட்டை கட்டுவதும், துறைமுகத்தில் கப்பல் கயிற்றில் வட்டத் தட்டு மாட்டுவதும் ஒரே தத்துவம்தான். பத்தாயத்தின் கால்களுக்கு நாங்களும் தகரம் சுற்றினோம்.

வயலிலேயே தடுப்பது இன்னும் மேல். தஞ்சாவூர்க் கிட்டியை வரப்பில் வைப்பதும், கூகை வந்து உட்கார வயலில் தாங்கிக் கழிகள் நடுவதும் பலரும் அறிந்தவை. அறுவடைக்குப் பின் வரும் இருளர் குடும்பங்கள் வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி உண்டா என்று சொல்லிவிடுவர். தோண்டி எடுக்கும் நெல்லில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி வாயால் ஊதிப் புகையேற்றுவது அவர்கள் வழக்கம். புகை அவர்கள் நெஞ்சுக்குள்ளும் போகும். 2003-இல் உலக வங்கிப் போட்டியொன்றில் பரிசு பெற்ற சென்னைத் தொண்டு நிறுவனம், கையால் சுற்றும் விசிறி பொருத்திய உருக்குப் புகைக்கருவியை அவர்களுக்குச் செய்து கொடுத்தது. பாம்புக்கடி மருந்துக்கு நஞ்செடுக்க 1978-இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கமும் இருளர்களுடையதே. நம் கல்லூரி விலங்கியல் துறை அவர்களுள் ஒருவரை ஒரு நாள் வகுப்பெடுக்க அழைத்தால் என்ன என்று ஆசிரியர்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கார்த்திகையில் இதுவரை எங்கள் வீட்டுக்குள் வந்தவை இரண்டு சுண்டெலிகள்; இரண்டும் பொறியில் விழுந்தன. அவை வந்த வழி எதுவென்று தேடியதில், என் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒரு மின்கம்பித் துளை அகப்பட்டது. சாக்கில் இன்னும் கொஞ்சம் பீங்கான் மீதமிருக்கிறது.