தையல் எந்திரம் சொல்லும் சரித்திரம்
உலகப் போரைப் பற்றி வீட்டில் இருக்க வேண்டிய 3 புத்தகங்கள்

உலகப் போர் பற்றிய புத்தகம் என்றாலே பலர் பயந்து விடுகிறார்கள். தளபதிகளின் பெயர்கள், படைகளின் எண்ணிக்கை, ஒப்பந்தங்களின் தேதிகள்... நாலு பக்கம் புரட்டுவதற்குள் தூக்கம் வந்து விடும்!

அப்படிப்பட்டவர்கள் முதலில் எடுக்க வேண்டிய புத்தகம், "ஹிரோஷிமா". எழுதியவர், ஜான் ஹெர்சி என்ற அமெரிக்க நிருபர்.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி காலை 8-15 மணிக்கு, ஜப்பானில் உள்ள ஹிரோஷிமா நகரத்தின் மீது அமெரிக்க விமானம் அணுகுண்டு வீசியது. இது எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். அந்த நேரத்தில் அந்த ஊர் மக்கள் என்ன செய்து கொண்டு இருந்தார்கள்?

ஹெர்சி இதைத்தான் கேட்டார். 1946-ம் ஆண்டு அவர் ஜப்பானுக்குப் போனார். உயிர் தப்பியவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். அவர்களில் 6 பேரின் கதையை எழுதினார்.

தண்ணீர்த் தொட்டியில் எந்திரம்

ஆறு பேரில் ஒருவர், நாகமுரா அம்மாள். அவருடைய கணவர் தையல்காரர். பட்டாளத்துக்கு அழைக்கப்பட்டு, 1942-ல் சிங்கப்பூர் சண்டையில் இறந்து போனார். அவர் விட்டுச் சென்றது மூன்று குழந்தைகளும் ஒரு தையல் எந்திரமும்தான். அந்த எந்திரத்தை வைத்து நாகமுரா அம்மாள் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார்.

குண்டு விழுந்தபோது, அவர் சமையல் அறை ஜன்னல் அருகே நின்று கொண்டு இருந்தார். கண்ணைப் பறிக்கும் ஒளி. அடுத்த நிமிடம் வீடு தரைமட்டம்! இடிபாடுகளைக் கையால் கிளறி, குழந்தைகளை ஒவ்வொருவராக வெளியே இழுத்தார்.

நெருப்பு பரவிக் கொண்டு இருந்தது. ஓட வேண்டும். எந்திரத்தைத் தூக்கிக் கொண்டு ஓட முடியுமா? வீட்டின் முன்னால் தீயை அணைப்பதற்காகக் கட்டிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதில் எந்திரத்தைப் போட்டு விட்டு ஓடினார்.

குழந்தைகள் பிழைத்தார்கள். எந்திரமும், துருப்பிடித்த நிலையில், திரும்பக் கிடைத்தது. அதைப் பழுது பார்த்து மறுபடியும் தைத்தார். ஆனால் குண்டின் விஷக்கதிர் உடம்பை விடவில்லை. தலைமுடி கொட்டியது. அடிக்கடி படுத்த படுக்கை. கடைசியில், டாக்டருக்குப் பணம் கொடுப்பதற்காக அந்த எந்திரத்தையே விற்று விட்டார்! பிறகு, அந்துருண்டை செய்யும் தொழிற்சாலையில் 13 ஆண்டுகள் வேலை பார்த்தார்.

சசாகி என்ற வாலிப டாக்டரின் கதையும் இப்படித்தான். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் காயம் படாத டாக்டர் அவர் ஒருவரே. மூக்குக் கண்ணாடி போய்விட்டது. வேறு ஒருவரின் கண்ணாடியை வாங்கி மாட்டிக் கொண்டு வேலை செய்தார். மூன்று நாட்களில் அவர் தூங்கியது ஒரே ஒரு மணி நேரம்!

ஹெர்சி யாரையும் திட்டவில்லை. ஒப்பாரி வைக்கவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறார். படிப்பவர்களுக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது.

இது முதலில் "நியூ யார்க்கர்" பத்திரிகையில் வந்தது. தொடராக வெளியிட நினைத்த ஆசிரியர்கள், பிறகு மனதை மாற்றிக் கொண்டு 1946 ஆகஸ்டு 31-ந் தேதி இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கி விட்டார்கள்.

சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஹெர்சி மீண்டும் ஹிரோஷிமாவுக்குப் போனார். அந்த 6 பேர் என்ன ஆனார்கள் என்று விசாரித்து, 1985-ல் புதிய அத்தியாயம் எழுதினார். தையல் எந்திரத்தை விற்ற செய்தி அதில்தான் இருக்கிறது. எனவே, அந்த அத்தியாயம் சேர்ந்த பதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். சின்னக் குழந்தைகளிடம் இதைக் கொடுக்க வேண்டாம். தீக்காயங்களைப் பற்றி வரும் பக்கங்களைப் பெரியவர்களாலேயே தாங்க முடியாது.

சிறுமியின் டைரி

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது, ஆன் பிராங்கின் டைரி. 1942-ல், 13-வது பிறந்த நாளுக்குப் பரிசாகக் கிடைத்த நோட்டில் அவள் எழுதத் தொடங்கினாள். அடுத்த மாதமே, இட்லர் ஆட்களுக்குப் பயந்து, யூதர்களான அவளுடைய குடும்பத்தினர் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கட்டிடத்தின் பின்பகுதியில் ஒளிந்து கொண்டார்கள். வாசலை மறைத்தது, ஒரு புத்தக அலமாரி. உள்ளே இருந்தவர்கள் 8 பேர்.

டைரியில் பயம் மட்டும் இல்லை. அம்மாவுடன் சண்டை, உருளைக்கிழங்குச் சாப்பாட்டின் சலிப்பு, பெரியவர்களைப் பற்றிய கேலி எல்லாம் உண்டு. எந்த வீட்டுப் பெண் குழந்தையும் எழுதக் கூடியவைதான்!

1944 ஆகஸ்டு 4-ந் தேதி பிடிபட்டார்கள். மறுவருடம் ஆன், சிறை முகாமில் இறந்து போனாள். 8 பேரில் உயிரோடு திரும்பியவர், அவளுடைய தந்தை மட்டுமே. குடும்ப நண்பரான ஒரு பெண்மணி டைரியைப் பத்திரமாக எடுத்து வைத்து இருந்தார். 1947-ல் அது புத்தகமாக வந்தது. இப்போது தமிழிலும் படிக்கலாம்.

ஒளித்து வைத்த பதக்கங்கள்

மூன்றாவது புத்தகத்தை எழுதியவர், சுவெத்லானா அலெக்சியேவிச். பெலாரஸ் நாட்டுப் பெண் எழுத்தாளர். 2015-ல் நோபல் பரிசு பெற்றவர். இட்லர் படையை எதிர்த்துச் சண்டையிட்ட சோவியத் பெண்கள் பல நூறு பேரைச் சந்தித்து, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே தொகுத்தார். 1985-ல் வெளிவந்தது. தணிக்கை அதிகாரிகள் வெட்டிய பகுதிகள், பிற்காலப் பதிப்பில் சேர்க்கப்பட்டன.

குறி பார்த்துச் சுட்டவர்கள், நர்சுகள், சிப்பாய்களின் துணிகளைத் துவைத்தவர்கள் எல்லோரும் இதில் பேசுகிறார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியபோது, ஆண்கள் பதக்கங்களை நெஞ்சில் குத்திக் கொண்டு நடந்தார்கள். பெண்களில் பலர் அவற்றை ஒளித்து வைத்தார்கள். போர் முனைக்குப் போனவள் என்று தெரிந்தால் கலியாணம் ஆகாதே என்ற பயம்!